அண்ணனுக்கு நான் சொல்லிக்கொடுத்த பன்னிரண்டு பதில்கள்

ஒன்பது வயதில் என் கழுத்தில் ஒரு சாவி தொங்கியது. கறுப்புக் கயிற்றில் கோத்துச் சீருடைக்குள் விட்டு, வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அம்மாவின் உத்தரவு. பள்ளி விட்டதும் நான் செய்ய வேண்டியவை இவை: வழியில் எங்கும் நிற்கக்கூடாது. ஓடவும் கூடாது, விழுந்தால் சாவி தொலையும். தெருமுனையில் யார் கூப்பிட்டாலும் திரும்பக்கூடாது. பூட்டைத் திறந்ததும் முதலில் அண்ணனின் டிரவுசரைப் பார்க்க வேண்டும். நனைந்திருந்தால் வேறு எடுத்துக் கொடுக்க வேண்டும். அதன் பிறகுதான் பையைக் கழற்றலாம்.

தெருவுக்குள் நுழையும்போதே சத்தம் கேட்டுவிடும். டக், டக், டக். அண்ணன் உள்ளேயிருந்து கதவை நகத்தால் தட்டிக்கொண்டிருப்பான். திறக்கச் சொல்லித் தட்டுவதல்ல அது. அவன் எதையும் தட்டுவான். சுவர், டம்ளர், தண்ணீர்க் குடம், என் தலை எல்லாம் அவனுக்கு ஒன்றுதான். ஆனால் தெருவில் போகிறவர்களுக்கு அது எப்படித் தெரியும்? பூட்டிய வீட்டுக்குள் ஒரு பிள்ளை கதவைத் தட்டுகிறது என்றுதானே தெரியும். நின்று பார்ப்பார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு சாவியை வெளியே இழுப்பேன். என் வகுப்பில் சிலர் என்னைச் "சாவிக்காரி" என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள்.

அவனுக்கு அப்போது பதிமூன்று வயது. பூட்டு வந்தது பிள்ளையார்களால்.

அம்மா எங்கள் ஊர் செராமிக் பேட்டையில் ஒரு பொம்மைக் கூடத்தில் வேலை பார்த்தாள். அச்சிலிருந்து எடுத்த ஈரப் பொம்மைகளின் ஓரத்தில் ஒரு கோடு நிற்கும். அதைக் கத்தியால் சீவி, நனைந்த பஞ்சால் துடைத்துப் பலகையில் அடுக்குவது அவள் வேலை. அப்பா பீங்கான் சரக்கு ஏற்றும் லாரிக்கு ஓட்டுநர். மாதத்தில் நாலைந்து நாள்தான் வீட்டில் இருப்பார். பள்ளிக்கூடத்தில் "இவனுக்கு ஏத்த எடம் இது இல்லைங்க" என்று மரியாதையாகச் சொல்லி அண்ணனை அனுப்பிவைத்த பிறகு, அம்மா அவனையும் கூடத்துக்கு அழைத்துப் போனாள். அவன் உட்காரமாட்டான். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடப்பான், திரும்புவான், நடப்பான். வழியில் கைக்கு எட்டியதைத் தட்டுவான்.

பீங்கானில் விரிசல் இருக்கிறதா என்று தட்டித்தான் பார்ப்பார்கள். நல்ல சரக்கு மணிபோல் ஒலிக்கும், விரிசல் விட்டது மந்தமாக ஒலிக்கும். அதனால் கூடத்துப் பெண்கள், "பாரு, புள்ள தட்டியே வெரிசல் கண்டுபுடிக்கிறான், சாமி குடுத்த வரம்" என்று அம்மாவிடம் சொல்வார்கள். அம்மாவும் அதை ஊரெல்லாம் சொன்னாள். நான் பிற்பாடு செராமிக் டிப்ளமோ படித்து, இன்று மின்கம்பத்துப் பீங்கான் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். பொறுப்போடு சொல்கிறேன்: அண்ணன் ஒரு விரிசலையும் கண்டுபிடித்ததில்லை. நல்லதையும் விரிசல் விட்டதையும் ஒரே கூடையில்தான் போட்டான். சத்தம் பிடித்தது, தட்டினான், அவ்வளவுதான்.

சுட்ட பொம்மையைத் தட்டினால் ஒலிக்கும். சுடாததைத் தட்டினால் உடையும். கொலுப் பொம்மைகளுக்குக் கூடம் அவசர அவசரமாக ஓடிக்கொண்டிருந்த ஒரு நாளில், அம்மா தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில், காய வைத்திருந்த ஒரு பலகைப் பிள்ளையார்களை அண்ணன் வரிசையாகத் தட்டிப் பார்த்துவிட்டான்.

மேஸ்திரி நல்ல மனிதர்தான். "ஏம்மா, காது இல்லாத புள்ளையார எவன் வாங்குவான்? வேண்டிக்கிறது அவருக்கு எப்படிக் கேக்கும்?" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சிரித்து முடித்ததும், "நாளையிலருந்து புள்ளைய வூட்ல வுட்டுட்டு வாம்மா" என்றார்.

அப்படித்தான் பூட்டு வந்தது, சாவி என் கழுத்துக்கு வந்தது.

அம்மாவையும் சேர்த்து, இப்படிப்பட்ட பிள்ளைகளை வைத்துக்கொண்டிருந்த ஆறு பெண்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பேட்டையில் மூடிக்கிடந்த ஒரு கூடத்தின் நிழலில் கூடுவார்கள். அதற்குச் சங்கம் என்று பெயர் வைத்தவர் கம்மாபுரம் அக்கா. சங்கத்துக்குப் பதிவு எண் கிடையாது, பலகை கிடையாது. ஒரு பிளாஸ்டிக் பாய் மட்டும் உண்டு. கம்மாபுரம் அக்கா, நெய்வேலிச் சுரங்கத்துக்கு நிலம் போன பிறகு விருத்தாசலத்துக்குக் குடிவந்தவர். பேச்சு வராத தன் மகளைத் துப்பட்டாவால் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஸ்கூட்டியில் ஊரைச் சுற்றுவார். நிலம் போனபோது மனு எழுதிப் பழகிய கை. ஒரு மனுவில் அதிகாரி எந்த வரியைப் படிப்பார், எந்த வரியைத் தாண்டுவார் என்பது அவருக்கு அத்துப்படி.

பூட்டு விஷயம் அவருக்குத் தெரிந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவைத் திட்டித் தீர்த்துவிட்டார்.

"மாட்டையாம்மா வெச்சிருக்க, கட்டிப் போட்டுட்டுப் போறதுக்கு?"

"நான் இன்னா பண்றதுக்கா? வேலைய வுட்டா சோறு யாரு போடுவா?" அம்மா பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

அக்காதான் வழி சொன்னார். நெய்வேலியில் ஒரு பயிற்சி மையம் இருந்தது. இப்படிப்பட்ட பிள்ளைகளைக் காலையில் விட்டு மாலையில் அழைத்து வரலாம். சங்கத்துப் பெண்கள் ஆளுக்கு ஒரு நாள் முறை வைத்து எல்லாப் பிள்ளைகளையும் பஸ்ஸில் கூட்டிப் போவது என்று ஏற்கனவே பேசி வைத்திருந்தார்கள். பிள்ளைக்கும் துணைக்குப் போகிறவருக்கும் பஸ் இலவசம். ஆனால் மையத்தில் சேரவும் பஸ் பாஸ் வாங்கவும் ஊனமுற்றோர் சான்றிதழ் வேண்டும்.

"அடுத்த மாசம் மொத சனிக்கெழம நம்மூர்லயே முகாம் போடறாங்க. டாக்டர் பாத்து சதவீதம் போடுவாரு. நாப்பதுக்கு மேல போட்டாத்தான் அது செல்லும். கீழ போட்டா மடிச்சி வூட்லயே வெச்சிக்க வேண்டியதுதான்."

நான் பாயின் மறுகோடியில் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். என் பள்ளியில் முப்பத்தைந்து எடுத்தால் பாஸ். அண்ணனுக்கு நாற்பது வேண்டுமாம். பெரிய பரீட்சை போலிருக்கிறது என்று நினைத்தேன். நாற்பது எடுத்தால் பூட்டு இல்லை, சாவி இல்லை, சாவிக்காரி இல்லை. எடுக்காவிட்டால் எல்லாம் அப்படியே.

"முகாம்ல என்ன கேப்பாங்கக்கா?" என்றேன்.

மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்த அக்கா, எதற்குக் கேட்கிறேன் என்று யோசிக்காமல் சொன்னார். "இவளுக்கு வந்தப்ப, பேரு கேட்டாங்க, வயசு கேட்டாங்க. அம்மா அப்பா பேரு, எந்த ஊரு, இது இன்னா கலரு, எத்தன விரலு, இன்னிக்கு இன்னா கெழம... அப்புறம் மழ பேஞ்சா இன்னா பண்ணுவ, பசிச்சா இன்னா பண்ணுவ, அப்டி."

வீட்டுக்கு வந்ததும் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவிட்டேன். அவர் சொன்ன வரிசையில் பத்துக் கேள்விகள். நானாகச் சேர்த்தவை இரண்டு: நிலா எப்போது வரும், பெரியவர்களைப் பார்த்தால் என்ன சொல்ல வேண்டும். மொத்தம் பன்னிரண்டு. என் வாழ்க்கையில் நான் போட்ட முதல் பட்டியல் அதுதான்.

பூட்டைத் திறப்பதற்கும் அம்மா வேலையிலிருந்து வருவதற்கும் நடுவில் இரண்டு மணி நேரம் கிடைக்கும். மூன்று வாரங்கள் அந்த இரண்டு மணி நேரத்தில் அண்ணனுக்குப் பாடம் நடந்தது. அம்மாவுக்குத் தெரியாமல்தான். முகாமில் அவள் அசந்துபோக வேண்டும் என்பது என் திட்டம்.

முதல் வாரம் ஒன்றும் நடக்கவில்லை. நான் கேட்பேன், அவன் நடப்பான். நான் பின்னாலேயே நடந்துகொண்டு கேட்பேன். அவன் சுவரைத் தட்டுவான். எரிச்சலில் ஒருநாள் கழுத்துச் சாவியால் எவர்சில்வர் டம்ளரை ஓங்கித் தட்டினேன். நின்றுவிட்டான். திரும்பி என்னைப் பார்த்தான். அந்த ஒரு கணத்தில் அவன் பெயரை நான் சொன்னேன், அவனும் சொன்னான்.

அதன் பிறகு வேகமாகப் போனது. ஒரு தட்டு, ஒரு பதில். அடுத்த தட்டு, அடுத்த பதில். கேள்வி அவனுக்குத் தேவையே இல்லை என்பது எனக்குத் தெரிந்தேதான் இருந்தது. டம்ளரைத் தட்டினால் போதும், வரிசையாக வரும். பெயர், வயது, அம்மா பெயர், அப்பா பெயர், விருத்தாசலம், சிவப்பு, அஞ்சு, சனிக்கிழமை, குடை, சோறு, ராத்திரி, வணக்கம். எந்த நிறத்தைக் காட்டினாலும் சிவப்புதான். அதற்கு நான் ஒரு ஏற்பாடு செய்தேன்: முகாமன்று சிவப்பு ரிப்பன் கட்டிக்கொள்வது. எந்த நாளில் கேட்டாலும் சனிக்கிழமைதான். அது பரவாயில்லை, முகாமே சனிக்கிழமைதானே.

முகாம் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்திருந்தார்கள். கருவேப்பிலங்குறிச்சிப் பக்கமிருந்து ஒருவர் தன் வளர்ந்த மகனை முதுகில் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். காலை எட்டு மணிக்கு வரிசையில் நின்றோம், எங்கள் முறை வந்தபோது ஒரு மணி தாண்டிவிட்டது. அதுவரை அண்ணன் நடந்த தூரத்தைக் கூட்டினால் நெய்வேலிக்கே போயிருக்கலாம். அவன் பின்னால் அம்மா, அம்மாவுக்குப் பின்னால் நான். நான் உதட்டுக்குள் பன்னிரண்டையும் ஓட்டிப் பார்த்தபடி. சாவி என் கையில் வியர்த்திருந்தது.

டாக்டர் களைத்துப்போயிருந்தார். அண்ணனை இரும்பு நாற்காலியில் உட்காரவைத்து அம்மா தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். நான் நாற்காலிக்குப் பின்னால் ஒட்டி நின்றேன்.

"பேர் என்னப்பா?"

நாற்காலியின் காலைச் சாவியால் தட்டினேன். அண்ணன் பெயரைச் சொன்னான். அம்மாவின் கை அவன் தோளில் அசைந்தது.

"வயசு?"

தட்டினேன். "பதிமூணு."

"அம்மா அப்பா பேரு?"

தட்டினேன். அம்மாவின் பெயரைச் சொன்னான். கொஞ்சம் கொழகொழவென்று, ஆனால் முழுசாக. பதிமூன்று வருடத்தில் அவன் அதைச் சொல்லி அவள் கேட்டதில்லை. நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், இதற்காகத்தானே மூன்று வாரம். அவள் வாய் லேசாகத் திறந்திருந்தது. கூட்டத்தில் தொலைந்த பிள்ளை தூரத்தில் வருவதைப் பார்த்த முகம்போல இருந்தது. அடுத்த தட்டைத் தட்டவே எனக்கு மறந்துபோய், பிறகு அவசரமாகத் தட்டினேன்.

அப்பா பெயர், ஊர். நிறம் கேட்டபோது டாக்டர் எதையோ தேடினார். நான் தலையை முன்னால் நீட்டினேன், அவர் என் ரிப்பனைத்தான் காட்டினார். சிவப்பு. விரல் அஞ்சு. கிழமை சனி.

"நல்லா சொல்றானே! வீட்ல வேலையெல்லாம் செய்வானாம்மா?"

அம்மா கேட்பவர்களுக்கெல்லாம் என்ன சொல்லிப் பழகியிருந்தாளோ அதையே சொன்னாள். "செய்வான் சார். தண்ணி எடுத்துட்டு வருவான். தட்டியே வெரிசல் கண்டுபுடிப்பான் சார்."

"பரவாயில்லையே," என்று டாக்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மிச்சம் நான்கு கேள்விகளை அவர் கேட்கவே இல்லை. எனக்கு அதில் வருத்தம்தான்.

வெளியே மரத்தடியில் கம்மாபுரம் அக்கா தாளை வாங்கிப் பார்த்தார். "இருவத்தஞ்சு," என்றார்.

எல்லாவற்றையும் சரியாகச் சொன்னவனுக்கு இருபத்தைந்தா? அம்மா பிடிக்கும் முன் நான் ஓடிவிட்டேன். வரிசையை இடித்துக்கொண்டு டாக்டரின் மேஜைக்குப் போய், "சார், எங்கண்ணன் எட்டும் கரெக்டா சொன்னான் சார். மார்க் கூடப் போடுங்க சார், நாப்பது போடுங்க சார்" என்றேன். டாக்டர் சிரித்தார். "நீ படிச்சு டாக்டராயிடு பாப்பா, அப்ப நீயே போட்டுக்கலாம்" என்றார். வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். முதுகில் மகனைத் தூக்கி வந்தவர் மட்டும் சிரிக்கவில்லை.

திரும்பி வந்தபோது அக்கா அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார். "வாயே தொறக்காத புள்ள எப்படிம்மா இத்தன சொன்னான்? யாரு சொல்லிக் குடுத்தது?"

"நான்தான்!" என்றேன். "மூணு வாரமா சொல்லிக் குடுத்தேன். பன்னெண்டு கேள்விக்கா. மிச்சம் நாலும் அவனுக்குத் தெரியும்."

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். அம்மா என்னை அடிப்பாள் என்று நினைத்தேன், எதற்கு என்று தெரியாமலே. அவள் அடிக்கவில்லை. முந்தானையால் அண்ணனின் வாயைத் துடைத்துவிட்டாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். பிறகு, "போயி தண்ணி குடிச்சிட்டு வா" என்றாள்.

திங்கட்கிழமை சாவி மறுபடி என் கழுத்துக்கு வந்தது. நான் டம்ளரை எடுக்கவில்லை. அண்ணன் எடுத்து வந்து என் கையில் திணித்தான். நான் வாங்கவில்லை.

அடுத்த ஞாயிறு சங்கம் கூடியது. மறு பரிசோதனை கேட்டு மனு போடுவது என்று முடிவானது. கையெழுத்து அழகாக இருந்ததால் எழுதும் வேலை எனக்கு வந்தது. நான் செய்த காரியத்துக்குத் தண்டனை என்று யாரும் சொல்லவில்லை.

"நம்பர் போட்டு எழுது பாப்பா. உங்கண்ணனால இன்னா இன்னா முடியாதுன்னு அம்மா சொல்வாங்க."

அம்மா சொல்லவில்லை. அக்காவே தூண்டித் தூண்டி இழுக்க வேண்டியிருந்தது. சட்டைப் பொத்தான் போடுவானா? தானாகக் குளிப்பானா? வழி தெரிந்து வீடு வருவானா? ஒவ்வொன்றுக்கும் அம்மா, "சொன்னா செய்வான்", "கூட நின்னா செய்வான்" என்றாள்.

"ஏம்மா, சொல்லாம, கூட நிக்காம செய்வானா?"

"மாட்டான்," என்றாள் கடைசியில். நான் எழுதினேன். ஒன்று, இரண்டு, மூன்று. ஒன்பதாவது எண்ணுக்கு வந்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. பத்தாவதாக, 'பன்னிரண்டு பதில் சொல்வான்' என்று எழுதிவிட்டேன்.

அக்கா அதைப் பார்த்துக் கோடு போட்டு அடித்தார். "இது இன்னா அவன் கல்யாணப் பத்திரிகையா, பெருமையெல்லாம் போடறதுக்கு?"

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு அண்ணன் எங்களைச் சுற்றி நடந்துகொண்டிருந்தான். அவன் கேட்கிறான் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

மனுவோடு ஆறு பெண்களும் ஆறு பிள்ளைகளும் நானும் கடலூருக்குப் பஸ் ஏறினோம். சான்றிதழ் கொடுக்கும் மாவட்ட அலுவலகத்தில் இருந்தவர் மனுவின் முதல் வரியைப் படித்துவிட்டு, "ஒருவாட்டி சர்ட்டிபிகேட் குடுத்தா குடுத்ததுதாம்மா. ரெண்டு வருசம் கழிச்சு வாங்க" என்றார்.

"ரெண்டு வருசம் இவன எங்க சார் வெச்சிக்கிறது?" என்றாள் அம்மா.

"அது எப்படிம்மா எனக்குத் தெரியும்?"

கம்மாபுரம் அக்கா சண்டை போடவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. "சரி சார். அப்ப இன்னிக்கு ஒரு நாளு நீங்க வெச்சிக்குங்க. ஒண்ணும் பெரிய வேல இல்ல. இருவத்தஞ்சுதான சார், நல்ல புள்ள. சாயங்காலம் வந்து கூட்டிக்கிறோம். வாங்கடி, டீ குடிச்சிட்டு வரலாம்." சொல்லிவிட்டுத் தன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள். அம்மா போகவில்லை, அக்கா திரும்பி வந்து அவள் கையைப் பிடித்து இழுத்துப் போனார். வராந்தாவில் தூணுக்குப் பின்னால் எல்லோரும் நின்றோம்.

அண்ணன் முதலில் மேஜைக் கண்ணாடியைத் தட்டினான். பிறகு ரப்பர் ஸ்டாம்புகளை, ஒவ்வொன்றாக. பிறகு கம்ப்யூட்டரை. பிறகு பீரோவை, அது நல்ல சத்தம் கொடுத்தது, அங்கேயே நின்றுவிட்டான். அந்த மனிதர் "தம்பி, உக்காரு" என்றார். அண்ணன் அவர் தலையைத் தட்டினான். "யம்மா! யம்மோவ்!" என்று குரல் வந்தது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார், எல்லோரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் தூணைப் பிடித்துக்கொண்டு அவனையே பார்த்தபடி நின்றாள். போய்விடாதே, போய்விடாதே என்பதுபோல அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது.

கால் மணி நேரத்தில் மறு பரிசோதனைக்குச் சீட்டு கிடைத்தது. அடுத்த வாரமே.

இந்த முறை ஒரு பெண் டாக்டர். உள்ளே அம்மாவும் அண்ணனும் மட்டும்தான் போகலாம் என்றார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றேன். அவர் மனுவை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, "நீங்களே சொல்லுங்கம்மா" என்றார். அம்மா எண்களே இல்லாமல் சொன்னாள். பொத்தான் போட மாட்டான் சார், இல்ல மேடம். கழுவிக்க மாட்டான் மேடம். பசின்னு சொல்லத் தெரியாது மேடம். வூட்ல பூட்டிட்டுதான் மேடம் வேலைக்குப் போறேன். குரல் மந்தமாக, நிற்காமல் வந்துகொண்டிருந்தது. விரிசல் பற்றி அன்று அவள் ஒன்றும் சொல்லவில்லை.

அண்ணன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். உட்கார்ந்திருந்தான் என்பதைத்தான் குறித்துக்கொள்ள வேண்டும். நடக்கவில்லை, எதையும் தட்டவில்லை.

டாக்டர் அவனிடம் திரும்பி, "உன் பேரு என்ன கண்ணா?" என்றார். நான் ஜன்னல் கம்பியைச் சாவியால் தட்டினேன். பதில் இல்லை. உரக்கத் தட்டினேன். அவன் என்னைப் பார்த்தான். நன்றாகவே பார்த்தான். பிறகு முகத்தைத் திருப்பி அம்மாவின் முந்தானையைப் பார்க்க ஆரம்பித்தான். வயது கேட்டார், ஊர் கேட்டார், நிறம் கேட்டார். ஒரு சொல் வரவில்லை.

இன்றைக்கு என் வேலையில் ஒரு சரக்கு தேறாவிட்டால் காரணங்களை எழுதி ஒவ்வொன்றாகக் கழிப்பேன். அதையும் அப்படிப் பலமுறை எழுதிப் பார்த்திருக்கிறேன். புது இடம். பசி. கம்பியின் சத்தம் டம்ளரின் சத்தம்போல இல்லை. இவற்றைக் கழித்துவிடலாம், இரும்பு நாற்காலிக்குச் சொன்னவன்தானே அவன். கழிக்க முடியாமல் ஒன்று நின்றுகொண்டே இருக்கிறது: அம்மா சொன்னதையெல்லாம் அவன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான் என்பது. ஒன்பது வயதில் அது என் பட்டியலிலேயே இல்லை. மறந்துவிட்டான், மூன்று வார உழைப்பு வீண் என்று மட்டும்தான் நினைத்தேன்.

எழுபத்தைந்து போட்டார்கள். "உங்கண்ணன் பர்ஸ்ட் கிளாஸ் பாஸு பாப்பா!" என்று கம்மாபுரம் அக்கா என்னைத் தூக்கிச் சுற்றினார். எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கினார். எட்டு சொன்னதற்கு இருபத்தைந்து, ஒன்றுமே சொல்லாததற்கு எழுபத்தைந்து. இப்படி மார்க் போடுகிற டாக்டர்களை நம்பி ஊர் எப்படி மருந்து சாப்பிடுகிறது என்று எனக்கு ஒரே குழப்பம். வழியெல்லாம் அண்ணனோடு பேசவில்லை.

பாஸ் கைக்கு வந்த பிறகு ஒரு திங்கட்கிழமை காலை நெய்வேலிக்கு முதல் பயணம். முதல் நாள் என்பதால் முறையை அம்மா கேட்டு வாங்கிக்கொண்டாள். நானும் பஸ் ஸ்டாண்டு வரை போனேன். என் கழுத்து லேசாக இருந்தது. அண்ணனுக்குப் புதுச் சட்டை, பொத்தான்களை அம்மா போட்டுவிட்டிருந்தாள். சங்கத்துப் பிள்ளைகள் ஒவ்வொருவராக ஏறினார்கள். கடைசியாக அம்மாவும் அண்ணனும் படியேறினார்கள். பாஸையும் சான்றிதழையும் அவள் மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தாள். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பஸ் நகரவில்லை. கண்டக்டர் கீழே நின்று, "நெய்வேலி, நெய்வேலி, ஏறுங்க சீக்கிரம்" என்று பஸ்ஸின் தகரத்தை ஒரு தட்டு தட்டினார்.

அண்ணன் தன் பெயரைச் சொன்னான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மா சட்டென்று கண்டக்டரைப் பார்த்தாள், முன் சீட்டைப் பார்த்தாள், பின் சீட்டைப் பார்த்தாள். கண்டக்டர் மறுபடி தட்டினார். "பதிமூணு" என்றான் அண்ணன். அம்மாவின் கை மடியிலிருந்து எழுந்து பாதியில் நின்றது. மூன்றாவது தட்டு விழுந்தது. அண்ணன் அம்மாவின் பெயரைச் சொன்னான், கொழகொழவென்று, முழுசாக.

அம்மா அதைக் கேட்டாள். கேட்டு முடித்த பிறகு உள்ளங்கையால் அவன் வாயைப் பொத்தினாள்.

பஸ் கிளம்பியது. அவள் கைக்குள் அவன் உதடு அசைந்துகொண்டே போவது ஜன்னல் வழியே தெரிந்தது. அவ்வளவு நாள் கழித்து அவனாகச் சொல்ல வருகிறான், நாலாவது அப்பாவின் பெயர், அதைச் சொல்லவிட்டால்தான் என்ன என்று அம்மாவின் மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.